ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு அளவு நாடா: சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் எழுதத் தொடங்குபவர்களுக்கு

எண்பது பக்கக் கொப்பி ஒன்று, பேனை ஒன்று, தையல்காரர் கழுத்தில் போட்டிருக்கிற அளவு நாடா ஒன்று. தொடங்குவதற்கு இவ்வளவும் போதும். விலை கூடின கைக்கடிகாரமோ இறக்குமதித் தராசோ தேவையில்லை. முள்ளியவளையில் என் குசினி மேசையில் இருந்து நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு 41 வயதில் கிளினிக்கில் வெறும்வயிற்றில் பார்த்த இரத்தச் சீனி 118 காட்டியது. நீரிழிவு இல்லை, ஆனால் அதன் வாசலில் நிற்கிறேன் என்று விளங்கப்படுத்தினார்கள். மருந்து தரவில்லை. "சாப்பாட்டையும் நடையையும் பாருங்கோ, மூன்று மாதத்தால வாங்கோ" என்று அனுப்பினார்கள். எதை, எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன், நாள் முழுக்க ஓடித்தானே திரிகிறேன் என்று மனதார நம்பியிருந்தேன். பொய் சொல்லவில்லை, எனக்கே தெரியாது, அவ்வளவுதான். எழுதத் தொடங்கிய பிறகுதான் என் ஒரு நாள் எப்படி இருக்கிறது என்பதை முதன்முதலாகப் பார்த்தேன்.

வேறு எதற்கும் முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். 2009 யுத்தத்தைக் கடந்து வந்த சனம் நாங்கள். உப்பும் தண்ணீரும் அரிசியும் மட்டும் போட்ட கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் "சோற்றைக் குறை" என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை. கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சினாலே என் அம்மாவுக்கு முகம் மாறிவிடும். அதனால் இந்தக் கொப்பியைப் பட்டினி கிடப்பதற்கான கொப்பியாக யாரும் நினைக்க வேண்டாம். என்ன சாப்பிடுகிறோம், உடம்பு என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இது.

தொடங்க முன் கிளினிக்

35 வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலைகளில் இருக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். பிரஷர், சீனி, நிறை, உயரம் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். காலையில் வெறும்வயிற்றோடு போங்கள்.

சீனிக்கு மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், நெஞ்சு நோவு வந்தவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் ஆகியோர் டொக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் உள்ள குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன். புரதத்தைக் கூட்டு, தண்ணீரை நிறையக் குடி என்ற பொதுவான அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

முதல் பக்கம்

முதல் பக்கத்தில் திகதி போட்டு, என்ன வேண்டும் என்பதை ஒரே வசனத்தில் எழுதுங்கள். "மெலிய வேண்டும்" என்று எழுதினால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியாது. நான் எழுதியது இது: "வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வீட்டிலிருந்து எங்கும் இருக்காமல் நடந்து போக வேண்டும்." தைப்பொங்கல் முடிந்த கையோடு எழுதினேன். கையில் நாலு மாதம் இருந்தது. சீனி இலக்கத்தை அதன் கீழே இரண்டாவது வரியாகத்தான் போட்டேன். 118ஐ 100க்குக் கீழே கொண்டுவருவது நல்ல இலக்குத்தான், ஆனால் அந்த இலக்கம் என்னை விடிய ஐந்தரைக்குப் பாயை விட்டு எழுப்பாது. அம்மன் எழுப்பினா.

உங்களுடையது வேறாக இருக்கும். என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நிறை கூட வேண்டும், 19 வயதில் 38 கிலோ. இன்னொரு அக்காவுக்கு முழங்கால் நோகாமல் கிணற்றடிப் படி ஏற வேண்டும். எல்லாம் சரி. மற்றவர்களுடைய இலக்கைப் பார்த்து எழுதாதீர்கள்.

அதே பக்கத்தில் இன்றைய அளவுகளையும் எழுதுங்கள். நிறை, அதோடு இடுப்புச் சுற்றளவு. நாடாவைத் தொப்புள் மட்டத்தில், சட்டைக்கு மேலால் இல்லாமல், மூச்சை இயல்பாக விட்ட பிறகு பிடியுங்கள். எங்கள் தெற்காசிய உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது எல்லை. அதைத் தாண்டினால் கவனம் தேவை. பார்வைக்கு மெல்லிய ஆளாக இருந்தும் வயிறு மட்டும் தள்ளியிருப்பவர்கள் எங்களுக்குள் நிறைய இருக்கிறார்கள். நிறையை மட்டும் பார்த்தால் அது பிடிபடாது.

முதல் கிழமை எதையும் மாற்றாதீர்கள்

இதுதான் பலருக்கு விளங்குவதில்லை. முதல் ஏழு நாளும் வழமைபோலவே சாப்பிடுங்கள். எழுதுவது மட்டும்தான் வேலை. கொப்பி பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்காகப் பணிஸைத் தவிர்த்தால், உண்மையான நாள் எது என்று பிறகு தெரியாமல் போய்விடும்.

சாப்பிட்ட உடனே எழுதுங்கள். இரவு படுக்கும்போது எழுதலாம் என்று விட்டால் பின்னேரம் வாயில் போட்ட மூன்று பிஸ்கற்றும் மறந்துவிடும். என் கொப்பியின் இரண்டாவது நாள் இப்படி இருந்தது:

5.30 – பிளேன்ரீ, சீனி 2 கரண்டி
7.15 – பாண் 4 துண்டு, பருப்பு, சம்பல் 2 மேசைக்கரண்டி
10.00 – பால் தேத்தண்ணி, சீனி 2. பணிஸ் 1
1.15 – சோறு 4 அகப்பை, மீன் குழம்பு 2 துண்டு, பயிற்றங்காய்க் கறி, அப்பளம் 2
3.30 – பிளேன்ரீ, சீனி 2. பிஸ்கற் 3
6.00 – பால் தேத்தண்ணி, சீனி 2
8.45 – புட்டு ஒரு நீத்துப்பெட்டி, கத்தரிக்காய்ப் பால்கறி
உடல் – சைக்கிள் 20 நிமிடம், தோட்டத்துக்குத் தண்ணீர் அள்ளியது 25 நிமிடம்
குறிப்பு – நாலு மணிக்கு நித்திரை தூங்கியது

சீனியைக் கூட்டிப் பாருங்கள். எட்டுக் கரண்டி. குவித்துப் போடுகிற தேக்கரண்டியில் ஏறக்குறைய 6 கிராம் நிற்கும். எட்டுக்கு 48 கிராம். ஒரு கிழமைக்கு 336 கிராம், அதாவது கிலோவில் மூன்றில் ஒரு பங்கு, தேத்தண்ணியில் மட்டும், நான் ஒருத்தி மட்டும். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவர் சேர்க்கிற சீனி 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பணிஸ், பிஸ்கற் கணக்கு இதற்குள் வரவே இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அளவுகள்

கிராமில் எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். வீட்டில் இருக்கிற பாத்திரமே அளவுகோல். ஒரு நாள் மட்டும் கொஞ்சம் மினக்கெட வேண்டும்.

நான் வீட்டுச் சுண்டைத் தலைதட்டி அரிசியால் நிரப்பி, கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். சுண்டின் நிறையைக் கழித்தால் அரிசி 220 கிராம். மத்தியானத்துக்கு இரண்டு சுண்டு போடுவேன், அது 440 கிராம். சோறு வெந்த பிறகு வழமையான அகப்பையால் வேறு சட்டிக்கு மாற்றி எண்ணினேன். 12 அகப்பை வந்தது. அப்படியென்றால் ஒரு அகப்பைச் சோற்றுக்குள் 37 கிராம் அரிசி இருக்கிறது. 100 கிராம் அரிசி ஏறக்குறைய 360 கலோரி, ஆகவே என் அகப்பை ஒன்று 130 கலோரிக்குக் கிட்ட. நாலு அகப்பை 520. ஒரு தடவை இதைச் செய்துவிட்டால் பிறகு எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதும். உங்கள் சுண்டும் அகப்பையும் வேறாக இருக்கும், என் இலக்கங்களை எடுக்காமல் நீங்களே செய்து பாருங்கள். குத்தரிசி, சிவப்பரிசி என்றாலும் கலோரி பெரிதாக மாறாது. தவிடு இருப்பதால் பசி தாங்கும், சீனி மெதுவாக ஏறும். குரக்கனும் அப்படித்தான்.

எண்ணெய் ஒரு தேக்கரண்டி 40 கலோரி வரும். முட்டை ஒன்று 70. பாண் இறாத்தல் ஒன்று 450 கிராம், அதை எத்தனை துண்டாக வெட்டுகிறீர்கள் என்று எண்ணினால் ஒரு துண்டின் நிறை வந்துவிடும். 100 கிராம் பாண் 260 கலோரியளவு. மீன், இறைச்சிக்கு உள்ளங்கை அளவு போதும்: விரல்கள் இல்லாமல், கையளவு மொத்தத்தில் ஒரு துண்டு.

தேங்காயை எழுத மறக்காதீர்கள். எங்கள் சமையலில் அது சம்பலில், சொதியில், புட்டில், பால்கறியில் என்று நாலு வழியால் வருகிறது. வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தேங்காய் துருவினோம், எத்தனை பேர் சாப்பிட்டோம் என்று எழுதினாலே பங்கு தெரியும். தேங்காயை விடச் சொல்லவில்லை. புட்டுக்கும் பூப் போட்டு, கறிக்கும் பால் விட்டு, பக்கத்தில் சம்பலும் வைக்கிற நாட்களைக் கொப்பி காட்டித்தரும், அவ்வளவுதான்.

பிரஷர் உள்ளவர்கள் கருவாட்டையும் ஊறுகாயையும் தனியாகக் கோடிட்டு எழுதுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். கடையில் சோடா வாங்கினால் போத்தலில் நிற அடையாளத்தைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 2016 முதல் இலங்கையில் இந்த முறை இருக்கிறது. நிறத்தை மட்டும் எழுதினாலும் போதும்.

உடல் வேலையை எழுதுவது

நாங்கள் இரண்டு விதமாகப் பிழைவிடுகிறோம். வயலில் மண்வெட்டி பிடிப்பவர் "நான் எக்சர்சைஸ் ஒன்றும் செய்யிறேல்லை" என்கிறார். கடையில் இருந்தபடி நாளைக் கழிப்பவர் "நாள் முழுக்க வேலைதானே" என்கிறார். இரண்டு பேரும் நிமிடத்தை எழுதினால் தெரிந்துவிடும்.

நிமிடத்துக்குப் பக்கத்தில் மூச்சு இலக்கம் ஒன்று போடுங்கள். வேலை செய்துகொண்டே பாட முடிந்தால் 1. பேசலாம், ஆனால் பாட முடியாது என்றால் 2. ஒரு வசனம் முடிக்க முன் மூச்சு வாங்கினால் 3. பெரியவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் இரண்டாம் இலக்கம் வேண்டும். மூன்றாம் இலக்கம் என்றால் 75 நிமிடமே போதும், அதாவது ஒரு நிமிடத்தை இரண்டாக எண்ணலாம். களை பிடுங்குவது, வரம்பு கட்டுவது, தண்ணீர் அள்ளுவது, சைக்கிளில் எதிர்க்காற்றுக்கு மிதிப்பது எல்லாம் கணக்கில் வரும். அறுவடைக்கு இப்போது மெஷின் வந்துவிட்டது. அப்பா ஒரு மாசியில் அரிவாளோடு செய்த வேலையை எங்கள் உடம்பு செய்யவில்லை, சாப்பாட்டு அளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

நடக்கத் தொடங்குபவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் ஒன்றரை மாதத்தில் நாற்பதுக்கு வந்துவிடலாம். கிழமையில் இரண்டு நாள் தசைக்கு வேலை வேண்டும்: கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது பத்துத் தரம், ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தூக்குவது பத்துத் தரம். எழுதிவைத்தால் அடுத்த கிழமை பன்னிரண்டு செய்ய மனம் வரும்.

செயற்கைக் காலோடு இருப்பவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் எங்கள் ஊர்களில் அதிகம். உடற்பயிற்சி என்றவுடன் நடையை மட்டும் சொல்லி அவர்களை விட்டுவிடுகிறார்கள். நாற்காலியைக் கையால் தள்ளிய நிமிடமும் இருந்தபடி போத்தல் தூக்கிய எண்ணிக்கையும் கொப்பியில் அதே மரியாதையோடு ஏற வேண்டும். மூச்சு இலக்கம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். செயற்கைக் கால் போடுபவர்கள் நடந்து முடிந்ததும் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா, உரசியிருக்கிறதா என்று பார்த்து அதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். சிவப்பு மாறாமல் இருந்தால் அடுத்த நாள் கை வேலை மட்டும். சீனி வருத்தம் உள்ள எல்லாரும் பாதத்தை அப்படித்தான் தினமும் பார்க்க வேண்டும்.

எங்கே நடப்பது? குளக்கட்டு நல்லது, ஆனால் ஒதுக்குப்புறமான கட்டுகளில் விடியப்புறமும் மைம்மலிலும் யானை நிற்கலாம். நன்றாக வெளித்த பிறகு, இரண்டு பேராகப் போங்கள். மிதிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம், பற்றை மூடின பழைய பாதை, இந்த இரண்டுக்குள்ளும் குறுக்கு வழி என்று காலை வைக்க வேண்டாம். சனம் தினமும் போகிற பாதையே போதும். கோடையில் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் நடை வேண்டாம். மாரியில் ஒழுங்கை வெள்ளமாகிவிட்டால் விறாந்தையில் முன்னும் பின்னும் நடக்கலாம். எங்கள் விறாந்தை 14 அடி, பதினைந்து நிமிடம் அதில் நடந்த நாட்கள் கொப்பியில் இருக்கின்றன.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும்வயிற்றில் நீண்ட நடை போகாதீர்கள். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே இருந்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சட்டைப்பையில் சின்னப் பொட்டலமாக வைத்திருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு பின்னேரம் அரை மணித்தியாலம் ஒதுக்கி ஏழு பக்கத்தையும் வாசியுங்கள். நான் பச்சைப் பேனையால் மரக்கறி, கீரை, பழம் எல்லாவற்றையும் வட்டமிடுவேன். முதல் கிழமையில் இரண்டு பக்கத்தில் ஒரு வட்டமும் இல்லை. வேலியில் முருங்கை நிற்கிறது, கிணற்றடியில் வல்லாரை படர்ந்திருக்கிறது, கொப்பியில் மட்டும் காணவில்லை. நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்பார்கள். கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது பருப்பு என்று பார்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

பிறகு ஒரே ஒரு மாற்றத்தைத் தெரிவுசெய்து அடுத்த கிழமைப் பக்கத்தின் தலைப்பில் எழுதுங்கள். ஒன்றுதான். எனக்கு முதல் மாற்றம் சீனி இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கியது. இரண்டாவது கிழமை ஒன்று. நாக்கு பழக மூன்று கிழமை எடுத்தது, அந்த நாட்களில் தேத்தண்ணி தேத்தண்ணியாகவே இருக்கவில்லை. அதன் பிறகுதான் இரவுப் புட்டில் பாதியைக் குரக்கனாக்கி, கூடவே முருங்கையிலை வறை வைத்தேன். சோற்றை நாலு அகப்பையிலிருந்து மூன்றாக்கியது கடைசியாக, மரக்கறி கூடின பிறகு. அதனால் பசிக்கவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

நிறையைக் கிழமைக்கு ஒரு தரம், ஒரே நேரத்தில், ஒரே தராசில் பாருங்கள். உடம்புத் தண்ணீரால் ஒரு நாளைக்குள்ளேயே ஒரு கிலோ ஏறி இறங்கும். தினமும் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். குறைய வேண்டியவர்களுக்குக் கிழமைக்கு அரைக் கிலோ போதும். நிறை கூட வேண்டியவர்கள் இதே கொப்பியில் சாப்பாட்டு நேரங்களுக்கு இடையில் இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை காலையில் தேத்தண்ணியோடு வெளிக்கிட்டு மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று அவளுடைய கொப்பிதான் காட்டியது. பத்து மணிக்கு ஒரு பிடி கச்சானும் அவித்த முட்டையும் சேர்த்தாள். எள்ளுருண்டையும் நல்லது.

கோயில், கலியாணம், விரதம்

அன்னதானத்திலும் கலியாண வீட்டிலும் அகப்பை எண்ண முடியாது. "கலியாண வீடு, ஒரு கோப்பை நிறைய, பாயாசம், வடை 2" என்று எழுதினால் போதும். அந்தப் பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். ஒரு வெறும் பக்கம் மூன்றாகிவிடும், பிறகு கொப்பி அலுமாரிக்குள் போய்விடும். எனக்கு ஒரு செத்தவீட்டோடு பதினொரு நாள் அப்படி விட்டுப்போனது. திரும்பத் தொடங்கும்போது விட்ட நாட்களை ஊகித்து நிரப்ப முயலவில்லை. திகதி போட்டு அடுத்த பக்கத்தில் எழுதினேன்.

கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதம் பிடிப்பவர்கள் மருந்து எடுப்பதாக இருந்தால் ஒரு கிழமை முன்னதாக டொக்டரிடம் கேளுங்கள். விரதம் முடிக்கும் பாறணைச் சாப்பாட்டையும் எழுதுங்கள், ஆறு நாள் கணக்கை அது ஒன்றே மாற்றிவிடும்.

போனில் எழுதலாமா?

எழுதலாம். சாம்சங் ஹெல்த் போன்ற செயலிகள் அடிகளை எண்ணும், மைபிட்னஸ்பால் சாப்பாட்டுக் கலோரி காட்டும். ஆனால் போன் மேசையில் இருக்கும்போது நீங்கள் தோட்டத்தில் தண்ணீர் அள்ளினால் அதற்குத் தெரியாது. சைக்கிள் மிதிப்பையும் அடியாகச் சரியாக எண்ணாது. அப்புறம், அந்தப் பட்டியல்களில் பல சாப்பாடுகளைப் பாவிப்பவர்களே சேர்த்திருக்கிறார்கள். வேறு ஊர்ப் புட்டின் கணக்கு உங்கள் நீத்துப்பெட்டிக்குப் பொருந்தாது. நான் அடி எண்ணுவதற்குப் போன், மற்றதுக்கெல்லாம் கொப்பி என்று வைத்திருக்கிறேன்.

"என்ன அக்கா, கணக்கு எழுதுறியளோ?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். ஒருவேளை எழுத எழுத சாப்பாட்டைக் கண்டாலே பயமோ குற்ற உணர்வோ வருகிறது என்றால் எண்ணுவதை நிறுத்தி, என்ன சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதுங்கள். அதுவும் கஷ்டமாக இருந்தால் கொப்பியை மூடிவிட்டு கிளினிக்கில் கதையுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கலோரிக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

நாளுக்கு ஒரு பக்கம் என்றால் எண்பது பக்கக் கொப்பி பதினொரு கிழமையில் முடியும். அது நல்ல பொருத்தம். எச்.பி.ஏ.1.சி என்ற இரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுகிறது, ஆகவே கொப்பியும் பரிசோதனையும் ஒரே காலத்தைச் சொல்லும். கடைசிப் பக்கத்தில் முதல் பக்கத்தின் வசனத்தையும் அளவுகளையும் திரும்ப எழுதி, பக்கத்தில் இன்றைய அளவைப் போடுங்கள். கிளினிக் திகதிக்குக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். என்னுடையதை அங்கே இருந்த நேர்ஸ் மிஸ் பக்கம் பக்கமாகத் தட்டிப் பார்த்து, 6.00 மணிப் பால் தேத்தண்ணியில் விரலை வைத்து, "இதையும் பிளேன்ரீ ஆக்கிப் பாப்பமே" என்றா. இரண்டாவது கொப்பியின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதினேன்.